அட்டைக்குள் இருக்கும் இரண்டு கடன்கள்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறுபவராக இருக்கலாம். ஓ.எம்.ஆரில் ஹெட்போனைக் கழற்றாமல் மதியச் சாப்பாட்டை முடிப்பவராக இருக்கலாம். கோவையில் ஏதோ ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுன்ட்டரில் உட்காருபவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் அந்த அழைப்பு உங்களுக்கு வந்திருக்கும். "சார், உங்க கார்டு பாக்கி ஒன்றரை லட்சம் இருக்கு. பர்சனல் லோன் ரெடியா இருக்கு. எல்லாத்தையும் குளோஸ் பண்ணிட்டு, மாசம் அஞ்சாயிரத்துச் சொச்சம் ஒரே இஎம்ஐயா கட்டிடுங்க." மாதம் பதினைந்தாயிரம் கட்டி மூச்சு முட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஐந்தாயிரம் எவ்வளவு பெரிய ஆறுதலாகக் கேட்கும் என்பது புரிகிறது. ஆனாலும், சரி என்று சொல்வதற்கு முன் இந்த மடலைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கிரெடிட் கார்டு பாக்கி என்று நீங்கள் ஒரே தொகையாக நினைத்துக்கொண்டிருப்பதில் இரண்டு கடன்கள் இருக்கின்றன. ஒன்று வட்டியில்லாத் தவணை. தீபாவளிக்கு எடுத்த போன், அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷின் போன்றவை. மற்றொன்று, பில்லில் முழுத் தொகையைக் கட்ட முடியாமல் மாதம்தோறும் தள்ளிக்கொண்டே வந்த பாக்கி. முதலாவது உங்களை ஒன்றும் செய்யாது. இரண்டாவதுதான் சம்பளத்தைத் தின்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே பர்சனல் லோனாக மாற்றச் சொல்பவர், சும்மா இருக்கிற கடனுக்கும் உங்களை வட்டி கட்ட வைக்கிறார்.

வட்டியில்லாத் தவணையிலிருந்தே தொடங்கலாம். கடையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். விற்பனையாளர் கார்டை மிஷினில் செருகினார். மூன்று மாதமா, ஆறு மாதமா, ஒன்பது மாதமா என்று கேட்டார். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று சிரித்துக்கொண்டே ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். 60,000 ரூபாய் போன், மாதம் 10,000 வீதம் ஆறு தவணை. இதில் வட்டி இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வங்கி 57,460 ரூபாயைத்தான் கடனாக எழுதுகிறது. மீதி 2,540 ரூபாய் வட்டி. அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி கிடைத்துவிடுவதால் உங்கள் கணக்கு 60,000-க்குள் முடிகிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் உங்கள் தலையில் விழும். அது 457 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235. ஆக மொத்தம் 692 ரூபாய். இதைத்தான் பூஜ்ஜியம் என்று விற்கிறார்கள். ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில், பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது, கட்டணம் என்ற பெயரில் வட்டியை மறைக்கிறார்கள் என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குப் பிறகும் பெயர்ப்பலகைதான் மாறியது.

இருக்கட்டும். 60,000 ரூபாய்க்கு 692 ரூபாய் என்பது பெரிய சுமை இல்லை. கட்டணம் முதல் பில்லிலேயே போயிருக்கும். வரியிலும் கணிசமான பகுதி முதல் ஓரிரு மாதங்களிலேயே போய்விடும். ஒரு தவணை கட்டி, ஐந்து தவணை மீதமிருக்கிற நிலையில் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய இலவசமான கடன். முன்கூட்டியே முடித்தாலும் பெரிய லாபம் எதுவும் வராது. அப்போது அசல் 48,178 ரூபாய் இருக்கும். பல வங்கிகள் வாங்குகிற 3 சதவீத முன்முடிப்புக் கட்டணத்தையும் அதற்கான வரியையும் சேர்த்தால், கிட்டத்தட்ட அதே 50,000 ரூபாய்க்கு வந்து நிற்கும்.

அந்த ஐம்பதாயிரத்தைத் தூக்கிப் பர்சனல் லோனில் போட்டால் என்ன ஆகும்? ஆண்டு வட்டி 16 சதவீதம், மூன்று ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டும் 13,282 ரூபாய். 2 சதவீதச் செயலாக்கக் கட்டணம் வரியோடு 1,180. ஐந்து மாதத்தில் ஒரு பைசா வட்டியில்லாமல் முடிந்திருக்க வேண்டிய கடனுக்கு முப்பத்தாறு மாதம் உழைத்து 14,462 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். போன் அதற்குள் பழசாகியிருக்கும். அதன் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி இரண்டாவது கடன். கிராமத்தில் வட்டி பேசுவது உங்களுக்குத் தெரியும். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி, மூன்று என்றால் மூன்று வட்டி. மூன்று வட்டிக்கு வாங்கினான் என்றாலே ஊரில் உச்சுக் கொட்டுவார்கள். உங்கள் கார்டின் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் அது மூன்றரை வட்டி. அதோடு முடியவில்லை. கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, ஆக, நூற்றுக்கு நான்கு ரூபாய் பதிமூன்று காசு. பர்சனல் லோனின் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா நான்கு வட்டிக்குக் கடன் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் வாசலில் குறுக்கே நின்று தடுப்பீர்கள். அதே நான்கு வட்டியை ஏ.சி. அறையில் உட்கார்ந்து, செயலியில் 'குறைந்தபட்சத் தொகை' என்ற பொத்தானை அழுத்தி நீங்களே மாதம்தோறும் கட்டுகிறீர்கள்.

அந்தப் பொத்தான் செய்வதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் பாக்கி. மாத வட்டி 3,500, வரி 630. பில் 1,04,130 ஆகிறது. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்திருக்கும் கார்டில் 5,206 ரூபாய் கட்டச் சொல்லும். கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். கடன் குறைந்தது 1,076 ரூபாய். புதிதாக எதையும் வாங்காமல் இப்படியே ஓராண்டு கட்டினால், ஏறக்குறைய 58,900 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து போயிருக்கும். கடனோ இன்னும் 87,800 ரூபாய்க்கு மேல் நிற்கும். ஓராண்டு உழைப்பில் அசலில் கரைந்தது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், வட்டி மேல் வட்டி ஏறும் என்ற எச்சரிக்கையைப் பில்லிலேயே அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது. அச்சிடுகிறார்கள். எந்த எழுத்தளவில், எந்த மூலையில் என்பதை உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள்.

இதில் நியாயமான ஆத்திரம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கடக்க முடியாது. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003 இல் தனிச் சட்டமே வந்தது. கார்டு வட்டிக்கும் ஒரு வரம்பு இருந்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 இல் தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதத்தில் தலையிடுவது ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, அது ரிசர்வ் வங்கியின் பொறுப்பு என்பது அதன் நிலைப்பாடு. ஆக, 42 சதவீதம் இன்று சட்டப்படியே வாங்கப்படுகிறது. அதிலிருந்து உங்களைக் காப்பாற்ற வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்பதால்தான் இந்தக் கடனைப் பற்றி உங்களிடம் இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

இந்த ஒரு லட்சத்தைப் பர்சனல் லோனாக மாற்றுவது சரி. தயங்காமல் மாற்றுங்கள். 16 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை 4,896 ரூபாய். கார்டின் குறைந்தபட்சத் தொகையான 5,206-ஐ விடக் குறைவு! மொத்த வட்டி 17,511; செயலாக்கக் கட்டணம் வரியோடு 2,360. இருபதாயிரத்துக்குள் எல்லாம் முடிந்து, இருபத்து நான்காவது மாதம் கடன் தீர்ந்திருக்கும். கடனை ஒன்றாக்குவது மோசம் என்று யாரும் சொல்லவில்லை. எதை ஒன்றாக்குகிறோம் என்று பார்க்காமல் செய்வதுதான் மோசம்.

உங்கள் மனதில் எழும் கேள்வி தெரிகிறது. "கணக்கு சரிதான், ஆனால் மாதாமாதம் கட்ட வேண்டியது நான்தானே?" உண்மை. ஆகவே மாதக் கணக்கையே பாருங்கள். இப்போது போன் தவணை 10,000, கார்டின் குறைந்தபட்சத் தொகை 5,206. ஆக 15,206 கட்டுகிறீர்கள். போன் தவணையை அப்படியே விட்டு, ஒரு லட்சத்தை மட்டும் லோனாக மாற்றினால் 14,896. இன்று கட்டுவதைவிடச் சற்றுக் குறைவு. ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் ஆறாவது மாதத்திலிருந்து 4,896 மட்டும்தான். பத்தாயிரம் கையில் நிற்கும். தொலைபேசியில் பேசியவர் சொன்னபடி ஒன்றரை லட்சத்தையும் மூன்றாண்டு லோனாக்கினால் மாதம் 5,274. முதல் மாதமே இலகுவாக இருக்கும். மூன்றாண்டில் கட்டும் வட்டி 39,847 ரூபாயாக இருக்கும். முதல் ஐந்து மாத நிம்மதிக்காகப் பிந்தைய முப்பத்தொரு மாதங்களை அடகு வைக்க வேண்டாம் என்பதுதான் உங்களிடம் வைக்கும் முறையீடு.

ஆனால் எல்லார் வீட்டு நிலைமையும் ஒன்றல்ல. வேலை போய்விட்டது, வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார், வாடகை கொடுத்தால் அரிசி வாங்கக் காசில்லை என்ற நிலையில் இருப்பவர், வட்டியில்லாத் தவணையையும் லோனில் சேர்ப்பது தவறில்லை. ஏனென்றால் அந்தப் பத்தாயிரத்தைக் கட்டத் தவறினால் அதுவும் அந்த மாதமே மூன்றரை வட்டிப் பாக்கியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். வட்டியில்லாத் தன்மை அதோடு போயிற்று. அப்படிப்பட்டவர் குறுகிய காலத்துக்கு எடுத்து, நிலைமை சீரானதும் முடிக்கப் பார்க்கட்டும். கட்டவே முடியவில்லை என்றால் முதலில் வங்கியிடம் எழுத்து மூலம் சொல்லித் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். போனை எடுக்காமல் ஒளிய வேண்டாம். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் உங்களை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. வீட்டாரையோ நண்பர்களையோ மிரட்டவும் கூடாது. பயந்து இன்னொரு செயலியில் கடன் வாங்கி இதை அடைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

லோன் எடுக்கத் தீர்மானித்தவர்களுக்குச் சில சொற்கள். 'ஒன்பது சதவீதம்தான்' என்று ஒருவர் சொன்னால், பிளாட் வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று உடனே கேளுங்கள். ஒரு லட்சத்துக்கு 9 சதவீத பிளாட் என்றால் இரண்டு ஆண்டில் 18,000 ரூபாய் வட்டி. மேலே பார்த்த 16 சதவீதக் கடனின் வட்டியைவிட அது அதிகம்! ஒன்பது என்று காதில் விழுவது பதினாறைத் தாண்டிய வட்டி. இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் 2024 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு புதிய சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த உண்மையான ஆண்டுச் செலவு விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும், ஏ.பி.ஆர். என்று போட்டிருப்பார்கள். வட்டி விகிதத்தை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். கேட்காமலே சேர்த்த காப்பீட்டுப் பிரீமியம் இருந்தால் அங்கேயே வெளிப்படும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. செயலி வழியாக வாங்கிய கடன் என்றால், மனம் மாறினால் குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்கவும் விதி இருக்கிறது.

முன்கூட்டியே அடைக்கும் நிபந்தனையையும் வாசியுங்கள். போன் தவணை முடிந்து பத்தாயிரம் மிச்சமானதும் அதை லோனில் கட்ட ஆசைப்படுவீர்கள். பர்சனல் லோன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால் முன்முடிப்புக்குக் கட்டணம் கேட்கலாம். முதல் சில மாதங்கள் அடைக்கவே விடாமலும் இருக்கலாம். எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். வீட்டில் நகை இருந்து, பெரியவர்களும் மனமுவந்து சம்மதித்தால், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வழக்கமாகப் பர்சனல் லோனைவிடக் குறைந்த வட்டியில் கிடைக்கும். கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது. பலர் இரண்டாம் முறை விழுவது இங்கேதான். லோன் பணம் வந்து கார்டு பாக்கி அடைந்ததும், ஒரு லட்ச ரூபாய் வரம்பு காலியாகக் கண்ணில் படும். பண்டிகை வரும், தள்ளுபடி வரும், தங்கையின் கல்லூரிக் கட்டணம் வரும். ஆறே மாதத்தில் லோன் ஒரு பக்கம், கார்டு பாக்கி ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து நிற்கும். கடனை ஒன்றாக்கப் போய் இரண்டாக்கிக்கொண்ட கதை இப்படித்தான் நடக்கிறது. ஆகவே பாக்கி அடைந்த அன்றே வரம்பைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள். போன் தவணை முடிந்ததும், கார்டே வேண்டாம் என்று தோன்றினால் மூடிவிடுங்கள். பாக்கி எதுவும் இல்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இதுவும் 2022 வழிகாட்டுதலில் வந்ததுதான்.

பாக்கி நிற்கிற வரை அந்தக் கார்டில் மளிகைகூட வாங்காதீர்கள். நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாக் காலம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது போன மாத பில்லை முழுதாகக் கட்டியவருக்கு மட்டும்தான். பாக்கி வைத்தவருக்கு, இன்று வாங்கிய பருப்புக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். அடுத்த பில் வரும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசியாக வந்த பில்லின் முதல் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் இரண்டு தொகைகளை விட்டுவிட்டு, இஎம்ஐ விவரம் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். எந்தப் பொருளுக்கு, எத்தனை தவணை முடிந்தது, எத்தனை மிச்சம் என்று அங்கே ஒரு சிறிய கட்டத்தில் இருக்கும். ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, வட்டியில்லாமல் ஓடுவதை இடப்பக்கமும் வட்டி ஏறுவதை வலப்பக்கமும் எழுதுங்கள். கார்டிலேயே இஎம்ஐயாக மாற்றிய பழைய பாக்கி இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அதற்கு வட்டி உண்டு, வட்டிக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு, அது வலப்பக்கத்துக்கு உரியது. எழுதிய தாளை வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள். மனைவியோ கணவரோ அண்ணனோ, யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். கடன் இவ்வளவு வளர்ந்ததில் பாதிப் பங்கு அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததற்கு உண்டு.

பிறகு உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலும் வேறு ஒரு வங்கியிலும் விசாரியுங்கள். வலப்பக்கத் தொகைக்கு மட்டும் லோன் கேளுங்கள். "இன்னும் ஐம்பதாயிரம் எலிஜிபிள் இருக்கு சார், சேர்த்து எடுத்துக்கோங்க" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். முக்கிய விவர அறிக்கையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டு, மறுநாள் கையெழுத்துப் போடுங்கள். வங்கி உங்கள் புகாருக்கு முப்பது நாளில் பதில் தரவில்லை என்றாலோ, தந்த பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை. வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தாளின் மேல் மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் ஒருவர்